கிட்டாரின் இரண்டு மூடிகள்

நம் கோயிலின் நூற்றாண்டு மலர் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். முப்பத்தெட்டாம் பக்கம், இரண்டாவது பத்தி, மேலிருந்து ஏழாவது வரியைப் பாருங்கள். நான் இதுவரை பதினாறு தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

"அக்காலத்தில் கிட்டாரைச் சரிசெய்ய முன்வந்த ஒரு பெண், அறியாமையால் அந்தோணியாரின் வெள்ளிக் காணிக்கைத் தகடுகளைப் பயன்படுத்திவிட, பங்கு மக்கள் அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள்."

பதினேழு சொற்கள். அதில் பொய் ஐந்து: அறியாமையால், வெள்ளி, பயன்படுத்திவிட, பெருந்தன்மையோடு, மன்னித்தார்கள். இவ்வளவு சின்ன வாக்கியத்தில் இத்தனை பொய்யை அடைக்க ஒரு திறமை வேண்டும். எழுதியவர் நமக்குப் பின்னால் பிறந்தவர், கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் அது இரண்டாவது கோபம். முதல் கோபம் நம் மேல். அன்று பாடகர் குழுவில் பத்தொன்பது பேர் இருந்தோம். இன்று என்னையும் சேர்த்து ஆறு பேர். அந்த ஒரு பெண் என் அத்தை என்பது ஆறு பேருக்கும் தெரியும். அவள் எடுக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது. அந்தக் கோடை விடுமுறையில்தான் சிங்கப்பூர் அண்ணன் வந்தார். அவருடைய அப்பா கப்பல் துறையில் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பியிருந்தார். மூன்று டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், கறுப்புப் பெட்டிக்குள் ஒரு மின்சாரக் கிட்டார். நம் ஊரில் யாரும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சிவப்பு நிறம். கழுத்தின் குறுக்கே இருபத்தொரு சுரக்கட்டை. கையை வைத்தால் நெயில் பாலிஷ் போட்ட நகத்தைத் தொடுவது போல வழவழப்பு. உள்ளே பெட்டி ஓட்டை எதுவும் இல்லாத கெட்டிப் பலகை. அது எப்படிச் சத்தம் போடும் என்று, கோயில் வேலைகளைப் பார்த்துக்கொண்ட நம் உபதேசியாரே கேட்டார்.

சத்தம் கம்பிக்கு அடியிலிருந்து வந்தது. அங்கே இரண்டு கட்டைகள். காந்தத்தைச் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். கம்பி அதிர்வதை அது மின்சாரமாக்கி, மைக்செட்டுக்கு அனுப்பும். பிக்கப் என்று அண்ணன் சொன்னார். புதிதாக இருந்தபோது அவற்றின் மேல் பளபளவென்று உலோக மூடி இருந்ததாம். வாங்கியதே பழசு, மூடிகள் தொலைந்து போய், செம்புக் கம்பி வெளியே தெரிந்தபடி வந்து சேர்ந்தது.

மூடி இல்லாததன் பலனைக் கோயிலில் கண்டோம். டியூப் லைட்டைப் போட்டால் போதும், மைக்செட்டில் ஒரு இரைச்சல். பெரிய வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டது போல. பாட்டு நடக்கும்போது தெரியாது. பூசையில் நன்மை அப்பம் வாங்கிய பிறகு எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக இருப்பார்களே, அப்போதுதான் அது தன் செபத்தைத் தொடங்கும். மூன்று ஞாயிறு பங்குச் சாமியார் பொறுத்தார். நாலாவது ஞாயிறு பூசை முடிந்ததும் உடுப்பு மாற்றும் சாக்ரீஸ்து அறைக்குள் உபதேசியாரைக் கூப்பிட்டு, அந்தோணியார் திருநாளுக்குள் இரைச்சல் நிற்காவிட்டால் கிட்டாரைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். கதவு சாத்தவில்லை. பத்தொன்பது பேரும் கேட்டோம். சிங்கப்பூர் அண்ணன் முகம் செத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

மூடி போட்டால் இரைச்சல் அடங்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். உபதேசியார் அடுத்த புதன்கிழமையே இரண்டு மூடிகளோடு வந்தார். வெள்ளையாகப் பளபளத்தன. எங்கே செய்தது என்று அண்ணன் கேட்டதற்கு, அதெல்லாம் ஒனக்கு எதுக்கு, மாட்டு என்றார். மாட்டினார்கள். கிட்டாரின் குரல் போய்விட்டது. கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருமுகிற மனிதனைப் போல ஒரு சத்தம். மைக்செட்டைக் கூட்டினால் கிறீச்சென்று கத்தியது. இரைச்சலோ அப்படியே இருந்தது. மூடிக்கு முன்னால் ஒரு வியாதி; மூடிக்குப் பின்னால் மூன்று.

அப்போதுதான் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பாவுக்கு அன்னவாசலில் மோட்டார் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது. கடையில் உட்கார்ந்திருப்பது அப்பா. சுற்றுவது முக்கால்வாசியும் வீட்டில் என் அத்தை. அப்பாவின் தங்கை. இருபத்து மூன்று வயது. பெண் பிள்ளை கடையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று மோட்டார்கள் மாட்டு வண்டியில் அவளிடம் வரும், திரும்பிப் போகும். சுற்று எண்ணிக்கையை அவள் வாய்விட்டுச் சொல்லுவதைக் கேட்டுத்தான் எனக்கு இந்த எண்ணுகிற வியாதி ஒட்டிக்கொண்டது. என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'கணக்கு' என்பாள்.

அத்தை கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகளைத் தளர்த்தி, மூடியை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. காந்தம் பிடித்துக்கொண்டிருந்தது. திருப்புளியை வைத்துக் கிளப்பியதும் டக்கென்று வந்தது. கையை விட்டதும் டக்கென்று மறுபடி ஒட்டிக்கொண்டது.

"தம்பி, இது தகரம்" என்றாள் அண்ணனிடம். "காந்தத்துக்கு மேல இரும்ப வச்சு மூடுனா கம்பி ஆடுறது அதுக்கு எங்கிட்டுத் தெரியும்? கழுத்தப் பிடிச்ச மாதிரிதான்."

உபதேசியார் கொடுத்ததாயிற்றே, வெள்ளியாக இருக்குமோ என்று பார்த்தேன் என்றார் அண்ணன்.

"வெள்ளிய காந்தம் இழுக்குமாக்கும்" என்று அத்தை சிரித்தாள்.

கழற்றிய இரண்டு மூடிகளையும் எனக்குக் கொடுத்தாள். அப்போது நான் சேர்க்காத சாமான் இல்லை. முற்றத்து வெயிலில் திருப்பிப் பார்த்தபோது உட்பக்கம் ஏதோ மேடு தட்டுப்பட்டது. அடித்துத் தட்டையாக்கியிருந்தாலும் தெரிந்தது. ஒரு மூடியில் இரண்டு கண். இன்னொன்றிலும் இரண்டு கண். புருவத்தோடு.

நம் அந்தோணியார் மாடத்தில் தொங்கிய தகடுகளை மறந்திருக்க மாட்டீர்கள். கால் வலித்தவன் கால் தகடு, பிள்ளை வேண்டியவள் தொட்டில் தகடு, கண் நோய் கண்டவன் கண் தகடு. திருநாள் கடையில் 'வெள்ளி' என்று சொல்லி விற்பார்கள். வாங்கி வேண்டிக்கொண்டு மாடத்துக் கம்பியில் கட்டுவோம். அந்தக் கடை உபதேசியாரின் மச்சினன் கடை. கண் தகடு மட்டும் நீள் சதுரம், இரண்டு கண்ணும் பக்கத்தில் பக்கத்தில். நாலு ஓரத்தையும் மடக்கினால் பிக்கப்பின் மேல் அளவெடுத்தது போல உட்காரும். உபதேசியாரின் கண்ணில் அது பட்டிருக்கிறது. வெள்ளி என்று அவரும் நம்பித்தான் எடுத்திருப்பார். மச்சினன் தன்னையும் ஏமாற்றுவான் என்று எந்த மனிதன் நினைப்பான்?

அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "கண்ணப் பத்தி யார்ட்டயும் சொல்லாத. நானே அவர்ட்டச் சொல்லிக்கிறேன். சத்தமில்லாம வேற வாங்கிக் கட்டிருவாரு" என்றாள். சொன்னாள். மறுநாள் காலைப் பூசைக்குப் பின், கோயில் கிணற்றடியில். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதை நான் பார்த்தேன். ஆகவே அவருக்குத் தெரியாது என்று யாரும் பின்னால் வந்து சொல்ல வேண்டாம்.

பிறகு அவள் செய்ததை நான் எத்தனை வருடம் கழித்தும் வரிசை மாறாமல் சொல்வேன். சீர் வரிசைக்கென்று எடுத்து வைத்திருந்ததில் ஒரு ஜெர்மன் சில்வர் தாம்பாளம் இருந்தது. பெயரில்தான் சில்வர், வெள்ளி துளியும் கிடையாது. ஆனால் வெள்ளை நிறம், காந்தத்தில் ஒட்டாது. என் அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அதைக் கத்தரியால் வெட்டினாள். பிக்கப் அளவுக்கு ஒரு வேப்பங்கட்டையைச் செதுக்கி, தகட்டை அதன் மேல் வைத்து மரச் சுத்தியால் ஓரம் ஓரமாகத் தட்டி மடக்கினாள். மூலை கிழிந்து முதல் இரண்டு வீணாயின. அடுத்த இரண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் கம்பிக்கு ஒன்றாக ஆறு துளை, மொத்தம் பன்னிரண்டு. நூல் பிடித்துக் குறி போட்டுத்தான் துளைத்தாள்.

உள்ளே காலி இடம் இருந்தால் மூடி நடுங்கிக் கத்தும் என்று மெழுகு வேண்டும் என்றாள். சாமியாரிடம் கேட்டுப் பீடத்து மெழுகுவர்த்தித் துண்டுகள் பதினான்கு வாங்கி வந்தோம். வெந்நீருக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, பிக்கப்பை அதில் முக்கி எடுத்தாள். காற்றுக் குமிழி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் பெரிய வெள்ளிக்கிழமை வாசனை. கடைசியாக மூடியை மாட்டி, அதன் ஓரத்தை அடித்தகட்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். இதுதான் முக்கியம் என்றாள். மூடி சும்மா உட்கார்ந்திருந்தால் இரைச்சலை வாங்கி உள்ளே கொடுக்கும். அடித்தகட்டோடு சேர்ந்தால்தான் வாங்கிப் பூமிக்கு அனுப்பும். ஆனால் சூடு அதிகமானால் உள்ளே மயிரிழைக் கம்பி போய்விடும். கரி அடுப்பில் காய்ந்த சால்ட்ரிங் ராடை வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நான் நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிடுவாள். ஒரு மூடிக்கு இரண்டு பற்று. நாலு பற்றிலும் நாலைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. டியூப் லைட் ஆறையும் போட்டார்கள். அண்ணன் மைக்செட்டில் செருகினார். ஒன்றும் கேட்கவில்லை. கனெக்ஷன் போகவில்லை என்று நினைத்து மறுபடி செருகினார். கம்பியைத் தட்டியதும் கோயில் மணி மாதிரி ஒரு சுரம் எழும்பி மேல் கூரை வரைக்கும் போனது. பாடகர் குழுவில் பெண்கள் பக்கத்தில் நின்ற அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஞாயிறு மௌன நேரத்தில் சாமியார் ஒரு கண்ணைத் திறந்து கிட்டாரைப் பார்த்தார். வெளியே காகம் கத்தியது கேட்டது. அவ்வளவு மௌனம்.

இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

அடுத்த வாரம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் திருநாளுக்காக மாடத்தைத் துடைத்தோம். நான் வழக்கம்போல் எண்ணினேன். நாற்பத்தொன்று. தவக்காலத்தில் எண்ணியபோது நாற்பத்து மூன்று. எனக்கு அது தெரியாத விஷயமா? தெரியும். இரண்டும் என் பென்சில் பெட்டியில் இருந்தன. ஆனால் கண்ணைப் பற்றிச் சொல்லாதே என்றுதான் அத்தை சொன்னாள்; எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லாதே என்று சொல்லவில்லை. பதினொரு வயதுக் கெட்டிக்காரத்தனம். உபதேசியார் இன்னும் கட்டவில்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்துகிறேன் என்று வேறு நினைத்துக்கொண்டேன். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் எழுந்து நின்று சொன்னேன். "உபதேசியாரே, முன்னாடி நாப்பத்து மூணு இருந்துச்சு. இப்ப நாப்பத்தொண்ணுதான் இருக்கு."

அவர் என்னை உட்காரச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒரே கணக்கு: தகடு இரண்டு குறைகிறது, கிட்டாரில் வெள்ளை மூடி இரண்டு மின்னுகிறது. ஒரு குழந்தையின் கணக்கு, வசதியாக இருந்ததும் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் வேதவாக்காகிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மன்றத்தில் கூட்டம். அத்தையை நடுவில் நிற்க வைத்தார்கள். சாமியார் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, கிட்டாருக்குப் போட்ட தகடு எங்கேருந்து எடுத்த?"

தன் தாம்பாளம் என்றாள். ஜெர்மன் சில்வர் என்றாள். கூட்டத்தில் ஒருவர், சில்வர்னா வெள்ளிதானே என்றார். பலர் சிரித்தார்கள். அத்தை உபதேசியாரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வாயால் குற்றம் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்காமலே எல்லாவற்றையும் செய்தார். முதல் மூடிகளைக் கொண்டுவந்தது யார் என்று தெரிந்த சிங்கப்பூர் அண்ணன், கிட்டார் போய்விடுமோ என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போட்டிருந்த மூடிய கொண்டாரச் சொல்றேன். அதப் பாத்துட்டுப் பேசுங்க" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பினாள். "டேய் கணக்கு, ஓடு. அந்த ரெண்டையும் எடுத்துட்டு வா."

ஓடினேன். கோயிலிலிருந்து எங்கள் வீடு இருநூற்றுப் பத்து எட்டு. பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் அப்பா நின்றார். எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். கையை விரி என்றார். விரித்தேன். திருப்பிப் பார்த்தார். கண்களைப் பார்த்தார். பக்கத்தில் கடையிலிருந்து வந்த காந்தம் கிடந்தது. எடுத்து வைத்துப் பார்த்தார். ஒட்டியது. அவர் தொழில்காரர். அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தகடு எடுத்தது யார் என்பது மட்டும் அல்ல. இந்த இரண்டு தகரம் என்றால் மிச்சம் நாற்பத்தொன்றும் தகரம் என்பதும்.

"நாப்பத்து மூணு வீட்டுக்காரனும் அந்தோணியாருக்குத் தகரத்தக் குடுத்திருக்கான்னு ஒங்க அத்தை போயி சொல்லணுமா? அப்புறம் இந்த ஊர்ல அவளுக்கு எவன் மாப்புள தருவான்? ரெண்டு தகடு செஞ்சு குடுத்தா முடிஞ்சு போச்சு."

கொல்லைக் கிணற்றில் இரண்டையும் எறிந்தார். சேர்த்து எறிந்ததால் ஒரு சத்தம்தான் கேட்டது. தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல் என்றார்.

நான் திரும்பி நடந்தேன். எட்டுகளை எண்ணவில்லை. அத்தை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"கெடைச்சுதாடா?"

"இல்ல அத்தை."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சாமியாரைப் பார்த்து, ரெண்டு தகடுதானே சாமி, செஞ்சு தாரேன் என்றாள்.

அப்பா நல்லது செய்வதாக நினைத்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கெட்டது செய்தவனைத் திட்டிவிட்டுப் போகலாம். தங்கையைக் காப்பாற்றுகிறேன் என்று அவளைத் திருடியாக்கிய மனிதரை எந்தச் சொல்லால் திட்டுவது? மாப்பிள்ளை வந்தது, வாஸ்தவம். இரண்டு வருடம் கழித்து, திருக்கோகர்ணத்திலிருந்து, இந்த ஊர்க் கதை எதுவும் தெரியாத குடும்பத்திலிருந்து. ஆனால் அன்றிலிருந்து அவள் பாடகர் குழுவில் நிற்கவில்லை. கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் போட்ட மூடி வழியாக வருகிற சத்தத்தைக் கேட்டாள். அவள் கை பட்டது என்றால் தீட்டு என்று சொன்னவர்கள் எவரும் மூடியைக் கழற்றச் சொல்லவில்லை. நாமும் அந்தக் கிட்டாரோடு பதினொரு வருடம் பாடினோம்.

தகடுகளைப் புதுக்கோட்டையில் ஆசாரியிடம் செய்து வாங்கினாள். தன் கொலுசு இரண்டையும் கொடுத்து. அவள் நடந்து வருவது எனக்குத் தெரியாமல் போனது அதற்குப் பிறகுதான். இரண்டு கண் தகடு. மாடத்தில் கட்டியதும் நாற்பத்து மூன்று. உடனே கண்ணாடி போட்டுப் பூட்டினார்கள். இனிமேல் தகடு காணிக்கை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த எண்ணிக்கை அங்கேயே நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் போனேன். கிட்டார் ஒரு பெட்டியில். பக்கத்தில் நீல வெல்வெட் துணியில் தகடுகள், 'வெள்ளிக் காணிக்கைகள்' என்ற அட்டையோடு. ஓரமெல்லாம் பழுப்புத் துரு. வெள்ளி துருப்பிடிக்குமா என்று இத்தனை வருடத்தில் ஒருவர் கேட்கவில்லை. படித்தவர்கள், வாத்தியார்கள், ஒரு கெமிஸ்ட்ரி புரொபசர் கூட இருக்கிறார் இந்தப் பங்கில்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் என் சட்டைப் பையில் இருந்தது. அதற்காகத்தான் போனேன். காவலுக்கு இருந்த பையன், தொடாதீங்க தாத்தா என்றான். நான் தொடவில்லை தம்பி, இதுதான் தொடும் என்றேன். வரிசையாக வைத்தேன். ஒன்று, ஒட்டியது. இரண்டு, ஒட்டியது. பத்தாவதில் அந்தப் பையனும் என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டான். நாற்பத்தொன்று ஒட்டின. பின் வரிசை மூலையில், அழகாக இல்லை என்று ஒதுக்கி வைத்திருந்த, கருகருவென்று கறுத்துப்போன இரண்டு கண் தகடுகள். காந்தத்தை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். அசையவில்லை.

அந்த மாடத்தில் இருந்த வெள்ளி மொத்தமும் அவ்வளவுதான். என் அத்தையின் கொலுசு. அவளைத்தான் நாம் மன்னித்தோமாம்.

அங்கிருந்தே பஸ் ஏறித் திருக்கோகர்ணம் போனேன். அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு. காது நன்றாகக் கேட்கிறது. மலரைக் காட்டினேன், காந்தத்தைக் காட்டினேன், நாற்பத்தொன்றையும் இரண்டையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். கிட்டாரைப் பார்த்தாயா என்றாள். பார்த்தேன் என்றேன். மூடியில் பற்று விட்டிருக்கிறதா என்றாள். இல்லை, நாலும் அப்படியே இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு கிணற்றைப் பற்றிச் சொன்னேன். ஐம்பத்தைந்து வருடமாகச் சொல்லாதது. சொல்லும்போது என் குரல் பதினொரு வயதுப் பையன் குரலாகிவிட்டது, வெட்கமாக இருந்தது.

"தெரியும்டா" என்றாள் அத்தை. "நீ ஒரு சாமான காணலைன்னா எத்தனை எடத்துல தேடுனேன்னு எண்ணிச் சொல்லுவ. அன்னைக்கி வெறும் 'இல்ல'ன்னு சொன்ன. அப்பவே தெரியும்."

அதனால்தான் அந்தக் கூட்டத்தில் அவள் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. உபதேசியாருக்காக இல்லை. நாற்பத்து மூன்று வீட்டுக்காக இல்லை. அவள் பேசியிருந்தால், அந்த மூடிகளை ஒளித்தவன் என்று அடுத்ததாக நடுவில் நிற்பது நானாக இருந்திருக்கும்.

மலர்க் குழுவுக்குத் திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது வரி. அத்தையின் பெயர் முழுதாக இருக்கிறது, 'ஒரு பெண்' என்று இல்லை. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். இன்னும் ஐந்து இடம் காலியாக இருக்கிறது.